வொயிட் ரிம்மில் நாலு நாள் சைக்கிள்: முதலில் தண்ணீர்க் கணக்கு

வொயிட் ரிம் போகலாமா என்று யாராவது கேட்டால் நான் சைக்கிளைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். கூட ஜீப் ஓட்ட யார் வருகிறார்கள் என்றுதான் கேட்பேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. அங்கே மேலே ஒரு பெரிய மேட்டுநிலம், அடியில் ஆறுகள், நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு வெள்ளை மணற்கல் தட்டு. அந்தத் தட்டின் மேல் வளைந்து வளைந்து போகிற மண்பாதைதான் வொயிட் ரிம். முழுச் சுற்று 100 மைல், ஏறக்குறைய 160 கி.மீ. 1950களில் யுரேனியம் தேடுவதற்காகப் போட்ட தடம் இது; யுரேனியம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, 1964இல் பூங்கா வந்தது, பாதை நமக்கு மிச்சம். வழியில் கடை கிடையாது, குழாய் கிடையாது, மரநிழல் அபூர்வம், செல்போன் சிக்னலை நம்பவே முடியாது.

சரி, தண்ணீர். குறைந்தது ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். வெயிலில் மிதிக்கிறவர்களுக்கு அது போதாது என்பது என் அனுபவம். குடிக்க 6, சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 2 என்று ஆளுக்கு 8 லிட்டர் போடுவேன். நாலு பேர், நாலு நாள் என்றால் 128 லிட்டர், அதாவது 128 கிலோ. இதை எந்தச் சைக்கிளில் கட்டுவீர்கள்? அதனால்தான் ஜீப். அதுவும் தரையிலிருந்து நல்ல உயரமும் லோ ரேஞ்ச் கியரும் (செங்குத்தில் மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) உள்ள நாலு சக்கர இழுவை வண்டி. சாதாரண எஸ்யூவியை உள்ளே கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் இழுத்து வருவதற்கே 1000 டாலருக்கு மேல் ஆகலாம். வாடகை வண்டி என்றால் மண்பாதையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஓட்டுகிற வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவர் நாலு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீரை ஒரே பெரிய கேனில் ஊற்றாதீர்கள். ஒரு முறை எங்கள் 20 லிட்டர் கேன் குலுங்கலில் விரிசல் விட்டு, முதல் நாள் மாலைக்குள் பாதி காலி. கூடாரம் எல்லாம் ஈரம், நாங்களோ தாகத்தில். அதிலிருந்து சின்னச் சின்னக் கேன்கள்தான். கடைசிப் பகுதியில் பாதை கிரீன் ஆற்றின் பக்கம் வரும், ஆனால் அது வண்டல் கலங்கிய தண்ணீர், ஃபில்டர் சீக்கிரம் அடைத்துவிடும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இரவு தங்க அனுமதிச்சீட்டு கட்டாயம், குறித்த முகாமில்தான் தங்கலாம், ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 15 பேர், 3 வண்டி. ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளுக்குத் தட்கல் டிக்கெட் எடுக்கிற வேகம் தேவை. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும், போகாதீர்கள். நல்ல பருவத்திலும் இரவில் உறைநிலைக்கு அருகில் இறங்கலாம்.

நான் சொல்லும் கணக்கு: ஷேஃபர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முதல் இரவு ஏர்போர்ட் முகாம் (பெயர்தான் ஏர்போர்ட்), இரண்டாம் இரவு மர்ஃபி ஹாக்பேக், மூன்றாவது பொட்டேட்டோ பாட்டம். மர்ஃபிக்கு ஏறும் கடைசி ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ளித்தான் போனேன், வெட்கமே இல்லை. ஆனால் அங்கிருந்து சாயங்காலம் தெரிகிற காட்சிக்காகவே அந்த முகாமைப் பிடிக்கப் பாருங்கள்.

சைக்கிள் மலைப்பாதைக்கானதாக இருக்கட்டும், டயர் 2.2 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். உதிரி டியூப், செயின் இணைப்பு, பிரேக் பேட், அப்புறம் சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்று. விறகு மூட்ட அனுமதி இல்லை, கேஸ் அடுப்புதான். நாங்கள் புளிக்காய்ச்சல் பாட்டிலும் சப்பாத்தியும் கொண்டுபோனோம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மிச்சம். முகாம்களில் கழிவறை உண்டு; நடுவழியில் போனால் பையில் கட்டி எடுத்து வர வேண்டும்.

பாதை ஓரம் கறுப்பாக, பொருக்குத் தட்டினாற்போல் இருக்கிற மண் உயிருள்ளது, நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய அடுக்கு அது. ஒரு மிதி பட்டால் திரும்ப வளரப் பல வருடம் ஆகும், போட்டோவுக்காகக்கூட இறங்காதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்கா அலுவலகத்தில் பாதை நிலவரம் கேளுங்கள். 2010 ஆகஸ்டில் வெள்ளம் மினரல் பாட்டம் வளைவுகளையே அரித்துக்கொண்டு போனது. கடைசி நாள் ஏற வேண்டியது அந்த வளைவுகளில்தான், அதற்கு முன் ஹார்ட்ஸ்க்ராபிள் மேடும் ஆற்றோர மணலும் வேறு இருக்கின்றன, அதனால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். மேலே வந்த பிறகும் சரளைப் பாதையும் தார்ச்சாலையும் மீதி இருக்கும். நாங்கள் அங்கேயே சைக்கிள்களை ஜீப்பில் ஏற்றிவிட்டு, மிச்சமிருந்த கடைசிக் கேனில் முகம் கழுவினோம்.