பழைய செங்கல் வீட்டை உணவகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக் கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் கால வைத்தியசாலை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. அதைப் பார்த்த பிறகு, பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு அப்படியொரு ஆசை வருவது இயல்புதான். நல்ல ஆசை. ஆனால் இந்த வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரமாகச் செய்யும் திருத்தவேலைதான்.

முதல் தவறு சீமெந்து. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்து வழியாகவே வெளியேறிக் காயும். மேலே சீமெந்து பூசி, பிளாஸ்ரிக் பெயின்ற்றும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உப்புப் பூக்கும், பூச்சு உப்பிக் கழரும், கடைசியில் செங்கல்லே பொடியாக உதிரும். கடற்காற்று படும் கொழும்பில் இது இன்னும் மோசம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனைத் தேடிப் பிடியுங்கள். கூலி கூடத்தான் வரும், கொடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும் என்பதால் திறப்பு விழாத் திகதியையும் அதற்கேற்ப வையுங்கள்.

அடுத்தது, செங்கல் வெளியே தெரிந்தால் அழகு என்று பூச்சை உரிப்பது. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட பழைய கற்களில் பல மென்மையானவை. பூச்சுக்குள் இருப்பதற்கென்றே கட்டப்பட்டவை. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் சுட்டு இறுகிய மேல்தோல் போய்விடும், அது திரும்ப வராது. செங்கல் தெரியத்தான் வேண்டுமென்றால் ஒரு சிறு பகுதியோடு நிறுத்துங்கள். வார்னிஷ் பூசவே வேண்டாம்.

குசினியை வீட்டுக்குள் திணிப்பது எனக்குப் பெரிய கவலை. எண்ணெய்ப் புகை, நீராவி, கழுவும் தண்ணீர், காஸ் சிலிண்டர் எல்லாம் பழைய மர வளைகளுக்கும் சுவருக்கும் ஆகாதவை. பின்வளவில் தனியாகக் கட்டுங்கள். புகைபோக்கிக்காகச் சுவரைத் துளைக்கவும் தேவையிருக்காது. மலசலகூடக் குழாய்களையும் அத்திவாரத்தை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள்.

அனுமதி விஷயத்தில், கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா என்று தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள். அப்படியானால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் கைவைக்க முடியாது. அப்புறம் நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? கூரையில். உடைந்த ஓடுகளையும் பீலியையும் மே மாதத்துத் தென்மேல் பருவமழைக்கு முன்னரே சரிசெய்யுங்கள். உள் அலங்காரம் அதற்குப் பிறகுதான்.