பண்டாரவன்னியன் கட்டுரையைத் திருத்தியது: என் அனுபவம்

விக்கிப்பீடியாவில், வன்னியை ஆண்ட சிற்றரசன் பண்டாரவன்னியன் பற்றி ஒரு வரி: 1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் போரில் இறந்தார். மேற்கோளாக ஒரு வலைப்பதிவு. எனக்கு அது பொருந்தவில்லை. கற்சிலைமடு நடுகல் பற்றி ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அதில் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. இறப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் கட்டுரையின் பழைய திருத்தங்களைக் காட்டும் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதை அழுத்தி, அந்த வரி எப்போது ஏறியது என்று பார்த்தேன். வலைப்பதிவு அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது, வசனம் எழுத்துக்கு எழுத்து அதே. விக்கியில் இருந்து எடுத்தவரையே விக்கி சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது! இது அடிக்கடி நடக்கிற கூத்து. திகதிகளை ஒப்பிட்டாலே பிடிபடும்.

வலைப்பதிவை எடுத்துவிட்டு, 'இறந்தார்' என்பதைத் 'தோற்கடிக்கப்பட்டார்' ஆக்கி, ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைப் பக்க எண்ணோடு சேர்த்தேன். நடுகல் வாசகத்தையும், திருத்தங்களைப் பற்றிப் பேசுகிற உரையாடல் பக்கத்தில் போட்டேன். காரணம் எழுதாமல் மாற்றினால் மறுநாளே பழையபடி ஆக்கிவிடுவார்கள்.

கட்டுரையில் இருந்த படம் இலகுவான வேலை. 'பண்டாரவன்னியனின் புகைப்படம்' என்று குறிப்பு. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். கூகுள் லென்ஸில் தேடினால் பிற்கால ஓவியம், வரைந்தவர் பெயரும் இல்லை, உரிமமும் இல்லை. விக்கிப் படங்கள் சேமிக்கப்படும் தளமான பொதுவகத்தில் நீக்கக் கோரிக்கை வைத்தேன்.