லேப்டாப் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பா?

விசிறிச் சத்தம் கேட்கிறது, கீபோர்டு விளக்கும் எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள், சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (வி-க்கும் என்-க்கும் நடுவில் இருப்பது, ஓ-வுக்குப் பக்கத்தில் இருப்பதல்ல) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலும் ஒரு பீப் சத்தம் வரும், திரை ஒருமுறை சிமிட்டும். கிராபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்ட உதவும் மென்பொருள்) மட்டும்தான் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

அதற்கும் அசையவில்லையா? சரி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள், அப்புறம் கடைக்குக் கொண்டுபோகலாம்.