சூப்பர்நோவா படத்தில் நாம் சொதப்பும் இடங்கள்

சூப்பர்நோவாவை, அதாவது வெடித்த விண்மீனைப் படமெடுக்கும்போது செய்யும் முதல் தவறு, அது இருக்கும் கேலக்சியின் (விண்மீன் கூட்டத்தின்) சுருள் கரங்களை எடுக்க மெனக்கெடுவது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு புள்ளி. கேலக்சியின் ஒளி பரந்து கிடப்பதால் பினாங்கு மாதிரி ஊரின் வெளிச்சத்தில் கரைந்துபோகும். வெடித்த விண்மீனின் ஒளி ஓரிடத்தில் குவிந்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும். 2023 மே 19 அன்று மெஸ்ஸியர் 101 என்ற கேலக்சியில் ஜப்பானின் கொய்ச்சி இத்தாகாக்கி கண்டுபிடித்த சூப்பர்நோவா 2 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்தது, ஆனாலும் சில நாளில் ஒளியளவு (எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்) 11ஐ ஒட்டி வந்துவிட்டதால் சின்ன டெலஸ்கோப்புக்கே சிக்கியது.

நகர வெளிச்சத்துக்குப் பயந்து இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் உள்ளே விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் மாட்டுவது அடுத்த சொதப்பல். அது நெபுலாவுக்குத்தான், அதாவது ஒளிரும் வாயு மேகத்துக்கு. சூப்பர்நோவாவின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் அதையும் சேர்த்தே வெட்டிவிடும்.

அப்புறம் இடம். மெஸ்ஸியர் 101 நம் பினாங்கில் வடக்கே 41 டிகிரிக்கு மேல் ஏறாது, ஆகவே ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தை முன்னால் வைத்துக்கொண்டு பாயான் லெப்பாஸில் நிற்பதைவிட வடக்கே கடல் பார்த்த பத்து ஃபெரிங்கி எவ்வளவோ மேல். டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்டைச் சரிசெய்யத் துருவ நட்சத்திரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அடிவானத்துக்கு மேல் வெறும் 5 டிகிரி, நீட்டிய கையில் மூன்று விரல் உயரம், பெரும்பாலும் புகைமூட்டத்துக்குள் இருக்கும். படத்தில் உள்ள விண்மீன்களை வைத்தே மவுண்டைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது.

ஏர்கான் அறையிலிருந்து டெலஸ்கோப்பை நேராக வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐஸ் கச்சாங் கிண்ணம் மாதிரி லென்ஸ் முழுக்க வேர்த்துவிட்டது, அவசரத்தில் சட்டை நுனியால் துடைத்தேன், கோடு விழுந்ததுதான் மிச்சம். மூடி போட்டபடியே ஒரு மணி நேரம் வெளியே வைத்திருந்தால் போதும், பிறகு பனி படியாமலிருக்க ஹீட்டர் பட்டை.

புள்ளி கிடைத்ததும் துள்ளாதீர்கள். அது நம் பால்வழியின் விண்மீனாகவோ கேமரா சென்சாரில் தானாகவே ஒளிரும் பழுதுப் புள்ளியான ஹாட் பிக்சலாகவோ இருக்கலாம். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் நடுவே டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் ஹாட் பிக்சல் விண்மீன்களோடு சேர்ந்து நகராமல் தனியே மாட்டிக்கொள்ளும். கேலக்சி பளிச்சென்று தெரிய வேண்டுமென்று மென்பொருளில் வெளிச்சத்தை இழுத்துக் கூட்டினால் நடுப்பகுதி வெளுத்து, அருகே இருக்கும் புள்ளியை விழுங்கிவிடும்.

கேமரா கடிகாரத்தையும் சரி பாருங்கள், உலக நேரத்தைவிட நாம் 8 மணி நேரம் முன்னால். என் முதல் படத்தில் தேதி 2015 என்று இருக்கிறது, சூப்பர்நோவா வெடிப்பு தெரிவதற்கு எட்டு வருடம் முன்பு.