வெள்ளம் வந்தால் சந்தோஷம்தானே? வகுப்பில் நாவல் வாசிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

"டீச்சர், தண்ணீர் வந்ததற்கு எதற்கு எல்லோரும் அழுகிறார்கள்?"

கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளி. நான்காம் வகுப்பில் சிறார் நாவல் ஒன்றை எல்லோரும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். ஊருக்குள் வெள்ளம் புகுந்த அத்தியாயத்தைத் தங்குதடையின்றி வாசித்து முடித்த சிறுமிதான் இப்படிக் கேட்டாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருப்பவளுக்கு வெள்ளம் வந்தால் கொண்டாட்டம்தானே?

தடுமாறாமல் வாசித்தால் புரிந்துவிட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. எல்லையோரத்தில் அது கூடுதலாக ஏமாற்றும். தெரியாத சொல்லில் பிள்ளை நின்று கேட்கும்; தெரிந்ததாக நினைக்கும் சொல்லில் நிற்காது. 'ஆடுகளைப் பட்டியில் அடைத்தான்' என்ற வரியைப் படமாக வரையச் சொன்னேன். சில படங்களில் ஆடுகளோடு நாயும் நின்றது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். 'ஆடுகளை எங்கே அடைத்தான்?' என்று கேட்டிருந்தால் 'பட்டியில் அடைத்தான்' என்று எழுதி அத்தனை பேரும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்! நம் வினாத்தாள்களில் பாதி இந்த வகைதான்.

அதற்காக மலையாளம் கலக்காதே என்று அதட்டுவதும் தவறு. வெள்ளம் அங்கே என்ன, இங்கே என்ன என்று கரும்பலகையில் எழுதினால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது, நாவலைப் பாடநூல்போல மாதக்கணக்கில் இழுப்பது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் திட்டத்தில், 12, 13 வயது மாணவர்கள் 12 வாரத்தில் இரண்டு நாவல்களை வேகமாகப் படித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் புரிதலில் சராசரியாக 16 மாத வளர்ச்சி காட்டினார்கள். நம் பிள்ளைகள் சிறியவர்கள், அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மூன்று வாரம் கழித்துத் திறக்கும் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்திருக்கும்.

ஆளுக்கொரு பத்தி என்று வரிசையாக வாசிக்கவைப்பதை நான் விட்டுவிட்டேன். தன் பத்தி எது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் கதை விழாது. ஆசிரியரே குரலை ஏற்றி இறக்கி வாசிக்கட்டும். பிள்ளைகள் விரல் வைத்துத் தொடரட்டும். இருவருக்கு ஒரு பிரதியாவது வேண்டும். ஒரே பிரதி ஆசிரியர் கையில் மட்டும் இருந்தால் அது கதை சொல்லும் பீரியட்; அதுவும் நல்லதுதான், வாசிப்பு வகுப்பு என்று மட்டும் பதிவேட்டில் எழுத வேண்டாம்.