இருட்டிலும் விடியலை அறியும் பழ ஈ: வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

அடுக்களையில் கனிந்து கறுத்த கோழிக்கூடு வாழைப்பழத்தைச் சுற்றிவரும் சிவந்த கண் ஈயின் மூளையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் முந்நூறுக்கும் குறைவானவையே பகலிரவுக் கடிகாரத்தை நடத்துகின்றன. 1971இல் ரொனால்டு கொனாப்காவும் சீமோர் பென்சரும் இந்தக் கடிகாரம் 19 மணி நேரத்திலும் 28 மணி நேரத்திலும் ஓடும் ஈக்களையும், கடிகாரமே இல்லாத ஈக்களையும் பிரித்தெடுத்தனர். ஈக்கள் கூட்டை விட்டு வெளிவரும் நேரத்தை எண்ணியே அவற்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டிலும் எடுக்கலாம்.

நெல்லைச் சீமையில் சித்திரையிலும் வைகாசியிலும் இதைத் தொடங்க வேண்டாம், ஏனெனில் 30 டிகிரிக்கு மேல் வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடக்கூடும். மார்கழியும் தையும் உகந்தவை. தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்கள் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலும் செய்யலாம்.

வாயகன்ற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில், மசித்த வாழைப்பழத்தோடு சிறிது கருப்பட்டியும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் கலந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு இட்டு, திறந்தபடி அடுக்களையில் வையுங்கள். இருபது முப்பது ஈக்கள் இறங்கியதும் வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டு, நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்துவிடுங்கள். நான்கு நாள் முட்டையிட விட்டு, பிறகு தாய் ஈக்களை வெளியேற்றி, மடித்த செய்தித்தாள் கீற்றுகளைச் செருகுங்கள். புழுக்கள் தாளில் ஏறி, சீரகத்தைவிடச் சிறிய பழுப்புக் கூடுகளாக மாறும்.

நான்கு நாள் முட்டைகள் கலந்திருப்பது மிக முக்கியம். ஓர் ஈ வாழ்நாளில் ஒரு முறைதான் கூட்டை விட்டு வருகிறது. ஆகவே கடிகாரத்தின் பகலிரவுத் தாளத்தைக் கூட்டத்தில்தான் பார்க்க முடியும். விடியலையொட்டி ஒரு வாசல் திறப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்: அதற்குள் வளர்ச்சி முடியாத ஈ, நண்பகலில் முழுமையடைந்தாலும் மறுநாள் வாசல் திறக்கும்வரை கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும். விடியற்காலை ஈரக்காற்றில் இறக்கை காயாமல் விரியும் என்பதே இந்தப் பழக்கத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

எட்டாம் நாள் வாக்கில் முதல் கூடுகள் கறுக்கத் தொடங்கும். அன்று அந்தி நேரத்தில் கீற்றுகளை மூன்று பாட்டில்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஈரப்பஞ்சு வையுங்கள். முதல் பாட்டில் சன்னலோரத்திலேயே இருக்கட்டும். இரண்டாவதை ஒளி புகாத அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியைக் கறுப்புத் துணியால் இரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்றாவதை, சூடு தாக்காத தொலைவில், இரவும் பகலும் எரியும் எல்.இ.டி. விளக்கின்கீழ் வையுங்கள். இந்த மூன்றாவதுக்கு மின்தடை ஒரு பெரிய எதிரி: விளக்கு அணைந்து இருட்டானால், ஓயாத ஒளியில் நின்றுபோன தாளம் மீண்டும் தொடங்கிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் அதை விட்டுவிடுவதே மேல்.

இருட்டுப் பெட்டியில்தான் நான் முதன்முறை ஏமாந்தேன். ஒளி ஒரு பொட்டும் புகாதபடி மூடிவிட்டு, மேல்வெயில் காயும் சுவரோரம் பெட்டியை வைத்துவிட்டேன். எண்ணிக்கை அழகாக ஏறி இறங்கியது. ஆனால் பகலிரவு வெப்ப மாற்றமே ஈயின் கடிகாரத்தைத் திருத்திவைக்க வல்லது என்பதால், நான் கண்டது ஈயின் நேரமா, சுவரின் சூடா என்று பிரிக்க முடியவில்லை. பழைய வீடுகளில் தானியம் சேமிக்கும் குலுக்கை நிற்கும் தடித்த சுவர் அறையே இதற்குத் தோது. பாட்டிலைத் தண்ணீர் நிரம்பிய மண்பானையில் கழுத்தளவு அமிழ்த்திவைத்தால் வெப்பம் இன்னும் சீராக நிற்கும்.

இரண்டு மணிக்கொரு முறை, மூன்று நாள் எண்ண வேண்டும். வீட்டார் முறை வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. ஒவ்வொரு முறையும் வெளிவந்த ஈக்களை வேறு பாட்டிலுக்குத் தட்டி மாற்றி, ஃப்ரிட்ஜில் சிறிது நேரம் வைத்து எண்ணுங்கள். இருட்டுப் பாட்டிலுக்குச் சிவப்பு செலோபன் தாளை நான்கைந்து மடிப்பாகச் சுற்றிய டார்ச் போதும், ஏனெனில் ஈயின் கண்ணுக்கு மங்கிய சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. சன்னலோரப் பாட்டிலில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஈயின் நெற்றியில் ஒரு பை உப்பி, கூட்டின் மூடியை நெம்பித் திறக்கும், வெளிறிய உடலும் கசங்கிய இறக்கையுமாக ஈ ஊர்ந்து வந்து நிற்கும்.

முதல் இரண்டு பாட்டில்களிலும் விடியலையொட்டிக் கூட்டம் வர வேண்டும். விளக்கின்கீழ் உள்ளதில் எந்நேரமும் சிலர் வருவர். பீரியட் என்னும் மரபணு ஆக்கும் புரதம் இரவில் சேர்ந்து தன் மரபணுவையே அடக்கி, பிறகு சிதைவதால் இந்தச் சுழற்சி ஓடுகிறது. அதை விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களின் தாளத்தை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரனும் அதற்குமுன் செருமனியில் பழ ஈ வெளிவரும் நேரத்தையே எண்ணியவர்.

இருட்டுப் பாட்டிலில் தாளம் தெரியாவிட்டால், முதலில் கூடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். இருநூறுக்குக் குறைந்தால் எதுவும் புலப்படாது. அடுத்து, பகலில் பெட்டிக்குள் உங்கள் கைப்பேசிக் காமிராவை வைத்து மூடி, ஒரு நீண்ட காணொளி எடுத்துப் பாருங்கள். துணியில் விட்டுப்போன ஊசித்துளை அதில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.