வார்டில் மாணவத் தாதியரைப் பழக்கும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் வளர்ந்து, வெளியூரில் தாதியர் டிப்ளோமா படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது என் வீட்டுக்கும் ஒரு நடை வருவார்கள். பசியாறச் சொல்லி உட்கார வைத்தால், முதலில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்பார்கள். தேநீர் ஆறுவதற்குள் விஷயம் வெளியே வந்துவிடும். பாடம் கடினம் என்று எவளும் என்னிடம் அழுததில்லை. வார்டில் தன்னைப் பழக்க வேண்டிய மூத்த தாதியை நினைத்துத்தான் அழுதிருக்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் நின்றவள் நான். பாதிக் காலம் எல்.பி.யாகவும் இருந்தேன், அதாவது லோக்கல் பிரிசெப்டர். கல்லூரியின் சி.ஐ., அதாவது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்றாடம் மாணவியின் பக்கத்தில் நிற்பது வார்டைச் சேர்ந்த எல்.பி.தான். மூன்றாண்டுப் படிப்பை முடித்து, தாதியர் வாரியத் தேர்விலும் தேறி, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி பதிந்துகொண்ட பிறகு அவள் தனியாக நோயாளியைத் தொடப் போகிறாள். அதற்குள் அவள் கை பழகுவதும் மனம் பழகுவதும் நம்மிடம்தான். கீழே சொல்லும் தவறுகளில் சிலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

நோயாளி முன்னால் திட்டுவது

இதை முதலில் சொல்லக் காரணம், மற்ற தவறுகளையெல்லாம் மறைத்து வைப்பது இதுதான்.

1980களில் நான் இரண்டாம் ஆண்டு மாணவி. அறுவை சிகிச்சை வார்டு. ஒருநாள் பிரஷர் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை. மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். ஆறு கட்டில்களில் இருந்தவர்களும் பார்க்க, "ரெண்டு வருசமா என்னதான் படிச்சே?" என்று கத்தினார். மறுநாள் வேறொரு அம்மாவுக்கு அதே நிலை, ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை நான் யாரிடமும் போகவில்லை. முந்தைய வேளையின் எண்ணைப் பார்த்து 110/70 என்று சார்ட்டில் எழுதிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்டாஃப் நர்ஸ் பார்த்தபோது 80/50. அறுவை செய்த இடத்தில் உள்ளுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. திரும்பவும் அறுவை அறைக்குக் கொண்டு போனார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அன்று சத்தம் கேட்காததற்கு என் காது காரணமில்லை. அழுத்தம் இறங்கினால் சத்தமும் மங்கிவிடும். "எனக்குக் கேட்கவில்லை" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள். பொய் எண் எழுதியது என் குற்றம். அதை இன்றுவரை நான் குறைத்துச் சொல்வதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அவமானம் என்ற பாடத்தை எனக்கு அந்த வார்டுதான் முந்தைய நாள் சொல்லிக்கொடுத்திருந்தது.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றுதான் நம் வீடுகளில் வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளையிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பாதீர்கள். "எந்த இடத்தில் கை தடுமாறுச்சு?" என்று கேளுங்கள். நோயாளிக்கு ஆபத்து நேரும் என்று பட்டால், "கொடும்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று அமைதியாக வாங்கிச் செய்துவிட்டு, சிகிச்சை அறைக்குப் போய்த் தனியாகப் பேசுங்கள். பிரஷர் பார்க்கத் தெரியவில்லையா? கையில் கட்டும் பட்டையின் அளவு சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் எண்ணைக் குறிக்கட்டும். அதற்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2, 3 என்று மெல்ல இறக்கட்டும். உடனே நீங்களும் அதே கையில் பார்த்து இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது.

கை வேகத்தைக் காட்டிவிட்டுப் போவது

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர். புதிதாக வெட்டப் பழகுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களைத்தான் கொடுப்பார்கள் என்பார். கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயம்பட்டாலும் பெரிய நட்டமில்லை. வார்டில் கிழட்டு மரம் கிடையாது. அதனால்தான் பழக்குகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் நின்றும் பலருக்குச் சொல்லிக்கொடுக்க வருவதில்லை. காரணம் அவர்களுடைய திறமையேதான். அமெரிக்கத் தாதியர் பேராசிரியை பாட்ரிசியா பென்னர் 1980களில் இதை விளக்கினார். புதியவளில் தொடங்கி நிபுணர் வரை ஐந்து படிகள். கீழ்ப்படியில் இருப்பவள் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மேல்படியில் இருப்பவருக்கு நோயாளியைப் பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும். ஏன் பட்டது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் சர்க்கரைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யும்போது நிறம், வாடை, ஓரத்துத் தோலின் சூடு எல்லாவற்றையும் ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுவார். மாணவி கண்ணுக்குத் தெரிவது காஸ் துணியும் இடுக்கியும்தான்.

ஆகவே நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். 1998இல் பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் நான்கு படி வழி ஒன்றைச் சொன்னார். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்ட வேண்டும். அடுத்து ஒவ்வொன்றாக விளக்கியபடி செய்ய வேண்டும். மூன்றாவது முறை மாணவி சொல்லச் சொல்ல நீங்கள் செய்ய வேண்டும். நான்காவது முறை அவள் தானே சொல்லிக்கொண்டு செய்வாள். நம்மில் பலர் முதல் படியிலிருந்து நேரே நான்காம் படிக்குத் தாவிவிடுகிறோம். எனக்கு மூன்றாம் படிதான் பொன். அவள் மனத்தில் எந்த வரிசை குழம்பிக் கிடக்கிறது என்பது ஊசி நோயாளியின் தோலைத் தொடும் முன்பே தெரிந்துவிடுகிறது.

தமிழ்ப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவது

தோட்டப் பட்டணங்களுக்கே உரிய தவறு இது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வார்டில் ஒரு தமிழ் மாணவி இருந்தால் போதும், "இந்தப் பாட்டி என்ன சொல்றாங்க?" என்று எட்டுத் திசையிலிருந்தும் கூப்பிடுவார்கள். மற்ற மாணவிகள் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடப் பழகும் நேரத்தில் இவள் டாக்டரின் பின்னால் பேச்சுக்காரியாக அலைவாள். வார்டுப் பயிற்சிக்கான போஸ்டிங் முடியும்போது, செய்து பழகிய வேலைகளைப் பதியும் அவள் லாக் புக்கில் பாதி வெற்றிடம்.

பாட்டிக்கு உதவுவது தவறே இல்லை. அதைப் படிப்பாக மாற்றாமல் விடுவதுதான் தவறு. ஒரு பாட்டி "கிறுகிறுன்னு வருது" என்பார், இன்னொருவர் "ஓய்ச்சலா இருக்கு" என்பார், மூன்றாமவர் "கண்ணை இருட்டுது" என்பார். மூன்றும் மலாயில் "பெனிங்" (தலைசுற்றல்) என்று ஒரே சொல்லாகப் போய்ச் சேரும். அங்கேயே மாணவியை நிறுத்தி, "எழுந்திருக்கும்போதா? சாப்பிடாமல் இருக்கும்போதா? நீயே விசாரித்து வந்து, உனக்கு என்ன படுகிறது என்று சொல்லு" என்று அனுப்பினால், பேச்சுக்காரி தாதியாகிவிடுவாள்.

மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அதிகம். எங்கள் வார்டுகளில் இன்சுலின் போடும் பாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. புரட்டாசி சனிக்கிழமை ஒரு பாட்டி காலை ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். விரதம். மாணவிக்கு அது தெரியும். முந்தைய நாளே பாட்டி அவளிடம் சொல்லியிருந்தார். யாரும் கேட்காததால் அவள் சொல்லவில்லை. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, வேர்த்துக் கொட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து மீட்டோம். அன்று எல்.பி. நான்தான். கேட்காமல் விட்டது என் தவறு.

சிறியவை போலத் தெரிபவை

லாக் புக்கில் கடைசி நாள் மொத்தமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நேரில் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடுவதும் நான் எழுதிய அந்த 110/70உம் ஒன்றுதான்.

"காலேஜ்ல சொன்னதை அங்கேயே விட்டுட்டு வா, இங்கே வேற மாதிரி" என்று சொல்லவே கூடாது. பயன்படுத்திய ஊசிக்கு நீங்கள் மூடி போட்டால் அவளும் போடுவாள், விரலில் குத்திக்கொள்வாள். ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகும்போது நீங்கள் கை கழுவாவிட்டால், சுவரில் எத்தனை சுவரொட்டி ஒட்டியும் அவள் கழுவ மாட்டாள்.

"ஓகே லா, நல்லா செஞ்சே" என்பதில் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

காலை ஷிஃப்ட் மதியத்தில் முடியும். அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைக்கும் பாஸ் ஓவர் தொடங்கும் முன் பத்து நிமிடம் அவளுக்கென்று ஒதுக்கி, "இன்னைக்கு எது புரியலை?" என்று கேளுங்கள். முதல் வாரம் "ஒண்ணுமில்லை சிஸ்டர்" என்பாள். மறுநாளும் கேளுங்கள். இரண்டாம் வாரம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.